அன்பின்மை என்னும் குற்றம்

சென்ற பருவத்தில் இரண்டாமாண்டு மாணவர்களுக்குப் பாரதியின் உரைநடையைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். 1908இல் 'இந்தியா' பத்திரிகையின் மீது வழக்கு வந்ததையும் பாரதி புதுச்சேரிக்குச் சென்றதையும் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்கு நகர்ந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, பாரதி போய்விட்டார், சரி. வழக்கு என்ன ஆயிற்று? யாரைத் தண்டித்தார்கள்?"

பாடநூலில் அதற்கு விடையில்லை. தண்டிக்கப்பட்டவர் சீனிவாசன் என்பவர். பத்திரிகையின் பொறுப்பாளராக அரசுப் பதிவேட்டில் இருந்தது அவர் பெயர்தான். எழுதிய கை வேறு, பதிவேட்டிலிருந்த பெயர் வேறு. சட்டத்துக்குப் பதிவேடு போதுமானதாக இருந்தது. அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை கிடைத்தது. இன்று தமிழ் படித்தவர்களிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாது.

"அவர் செய்த குற்றம் என்ன?" என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

"அரசின் மீது அன்பில்லாமல் இருக்கும்படி பிறரைத் தூண்டியது" என்றேன். வகுப்பு சிரித்தது. நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். சட்டத்தின் சொற்களை ஏறத்தாழ அப்படியே தமிழில் சொன்னேன் என்பதை நம்பவைக்க அந்த வகுப்பு முழுவதும் தேவைப்பட்டது. அன்று சொன்னவற்றையும் சொல்ல நேரமில்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

*

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவுக்கு ஒரு விசித்திரமான பிறப்பு உண்டு. 1837இல் மெக்காலே ஆயத்தம் செய்த வரைவில் 113ஆம் பிரிவாக அது இருந்தது. 1860இல் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பிரிவைக் காணவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1870இல், வைஸ்ராயின் அவையில் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் அதை மீண்டும் கொண்டுவந்தார். முன்பு அது விடுபட்டது தவறுதலால் நேர்ந்தது என்றார். இலக்கிய வாசகர்களுக்கு அவரை வேறுவிதமாக அறிமுகப்படுத்தலாம்: வர்ஜீனியா உல்ஃபின் பெரியப்பா.

அவர் கொண்டுவந்த பிரிவின் நடுநாயகமான சொல் 'டிஸ்அஃபெக்ஷன்'. 'அஃபெக்ஷன்' என்றால் அன்பு. அதன் எதிர்ச்சொல்லை ஒரு குற்றத்தின் பெயராக்கினார்கள். பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ ஆட்சியின் மீது அன்பின்மையைத் தூண்டுபவன் தண்டனைக்குரியவன். மேல்வரம்பு ஆயுள் முழுதும் நாடு கடத்தல். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இதே வகைக் குற்றம் சிறுகுற்றங்களின் வரிசையில் இருந்தது. கடல் கடந்து இங்கே வந்தவுடன் அது கொலைக்கு அடுத்த படியில் உட்கார்ந்துகொண்டது.

நம் மரபில் அரசனைப் புகழும் பாடல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குடிகள் அரசனிடம் அன்பு வைத்தே தீரவேண்டும் என்று விதித்த அறநூல் எதையும் நான் படித்ததில்லை. திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்வதை ஆள்பவனின் பண்பாகவே வைக்கிறது. பொறுக்கும் கடமை அங்கே அரசனுக்கு. 1870இன் சட்டம் அந்தக் கடமையைத் தூக்கிக் குடிகளின் தலையில் வைத்தது.

*

சட்டத்தின் சொல்லுக்கு நீதிமன்றம்தான் பொருள் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவின் கதை பெரும்பாலும் உரையாசிரியர்களின் கதை என்பேன். மூலம் ஒன்று. உரை எழுதியவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிற்று.

முதல் வழக்கு 1891இல் கல்கத்தாவில் நடந்தது. 'வங்கபாசி' என்ற பத்திரிகை, பெண்களின் உடன்பாட்டு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டத்தை எதிர்த்து எழுதியது. அதாவது இந்தப் பிரிவின் கீழ்க் கூண்டில் ஏறிய முதல் எழுத்து சீர்திருத்தத்தை எதிர்த்த எழுத்து. இதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வதுண்டு. நமக்குப் பிடித்தவர்களை மட்டும் தண்டித்த சட்டம் என்று எண்ணிக்கொண்டால் அதன் இயல்பை நாம் தவறவிட்டுவிடுவோம். அன்பின்மை என்பது அன்புக்கு எதிரான உணர்ச்சி என்று தலைமை நீதிபதி பெத்தரம் ஜூரிகளுக்கு விளக்கினார். ஜூரிகள் ஒருமனதாக முடிவு சொல்லவில்லை. பத்திரிகை மன்னிப்புக் கேட்க, வழக்கு கைவிடப்பட்டது.

1897இல் பம்பாயில் திலகர் மீது வழக்கு. நீதிபதி ஸ்ட்ரேச்சி அன்பின்மைக்கு இன்னும் அகலமாக உரை சொன்னார். அன்பு இல்லாமையே அன்பின்மை. வெறுப்பு, பகை, அவமதிப்பு, எந்த வடிவிலான தீய எண்ணமும் அதில் அடங்கும். கலகம் நடந்திருக்க வேண்டியதில்லை. கலகத்துக்கு அழைத்திருக்கவும் வேண்டியதில்லை. படிப்பவன் நெஞ்சில் ஒரு கசப்பை விதைக்க முயன்றிருந்தால் போதும். ஆறு ஐரோப்பிய ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். மூன்று இந்தியர்கள் இல்லை என்றார்கள். பதினெட்டு மாதச் சிறை. அடுத்த ஆண்டே, 1898இல், அரசு பிரிவைத் திருத்தி வெறுப்பையும் அவமதிப்பையும் சட்டத்துக்குள்ளேயே எழுதிக்கொண்டது. நீதிபதியின் உரை இவ்வாறு மூலத்தில் சேர்ந்துவிட்டது. இடைச்செருகல் பற்றிப் பாடம் நடத்துபவனுக்கு இது புதிய செய்தியன்று.

*

1908ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை இந்த வரலாற்றின் உச்சி எனலாம். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன.

தூத்துக்குடியில் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னின்றார். மார்ச் 12ஆம் நாள் அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கலவரத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு நால்வர் பலியாயினர். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். சிவாவுக்குப் பத்தாண்டு. சிதம்பரம் பிள்ளைக்குத் தம் பேச்சுக்காக ஓர் ஆயுள் தண்டனை. சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னோர் ஆயுள் தண்டனை. இருபதும் இருபதும் நாற்பது என்று நம் ஊரில் கணக்குச் சொல்வது இதைத்தான். பேசியவனுக்குப் பத்து, பேசியவனுக்கு இடம் கொடுத்தவனுக்கு இருபது என்ற இந்தக் கணக்கை எந்தச் சட்ட நூலைக் கொண்டும் விளக்க முடியாது. கப்பலை உள்ளே கொண்டுவந்தால் விளங்கும்.

ஜூலை 22இல் பம்பாயில் திலகருக்கு ஆறாண்டு. முசாபர்பூர் குண்டுவெடிப்பைப் பற்றிக் 'கேசரி'யில் எழுதிய கட்டுரைகளுக்காக வந்த தண்டனை அது. நீதிபதி தாவர் 1897இல் திலகர் தரப்பில் நின்ற வழக்குரைஞர். ஏழு ஐரோப்பியர்கள் குற்றவாளி என்றும் இரண்டு பார்சிகள் இல்லை என்றும் சொன்னார்கள். பிரச்சினைக்குரிய கட்டுரைகள் மராத்தியில் இருந்தன. ஜூரிகளில் பெரும்பாலோருக்கு மராத்தி தெரியாது. அரசு தந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து வழக்கு நடந்தது. தமக்காகத் தாமே வாதாடிய திலகர் 21 மணி நேரத்துக்கு மேல் பேசினார். அந்தப் பேச்சில் கணிசமான பகுதி மொழிபெயர்ப்பின் பிழைகளைப் பற்றியது. ஒரு சொல்லுக்கு இணையாக வேறொரு மொழியில் எதை வைப்பது என்பது மொழிபெயர்ப்பாளர்களுக்கு அறிவுப் பிரச்சினை. அந்த மன்றத்தில் ஒரு மனிதன் மாண்டலேயில் எத்தனை ஆண்டுகள் கழிப்பது என்பதை அது தீர்மானித்தது.

தூத்துக்குடி வழக்கிலும் நிலைமை ஏறத்தாழ இதுதான். திறந்த வெளியில் தமிழில் பேசப்பட்டவை காவலர்கள் எழுதிய குறிப்புகளாக மாறி, ஆங்கிலமாக மாறி நீதிமன்றத்துக்கு வந்தன. நல்ல மேடைப் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: எள்ளல் எங்கே, வேண்டுதல் எங்கே, கோபம் எங்கே என்பதைக் குரல்தான் சொல்லும். குறிப்பேட்டில் எள்ளலும் மிரட்டலும் ஒரே மாதிரி எழுத்துகள்தான். பேசியவர்களின் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது அவர்களைத் தண்டிக்கப் பயன்பட்ட பிரதி மட்டுமே.

இந்தத் தண்டனைகளின் கடுமை அரசுக்குள்ளேயே முணுமுணுப்பை எழுப்பிற்று. இலண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த ஜான் மார்லி, இவற்றைத் தம்மால் நியாயப்படுத்த முடியாது என்று வைஸ்ராய் மின்டோவுக்கு எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சிதம்பரம் பிள்ளையின் தண்டனையை ஆறாண்டாகக் குறைத்தது. அதே சட்டம், அதே சாட்சியம், அதே பேச்சு. ஜூலையில் ஆயுள், நவம்பரில் ஆறு. கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து, செக்கிழுத்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கப்பல் நிறுவனம் இல்லை, கப்பலும் இல்லை, வழக்குரைஞர் உரிமமும் இல்லை.

இப்படிப்பட்ட சட்டம் வன்முறையைத் தடுக்கிறது என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். முசாபர்பூரில் இரண்டு பெண்கள் குண்டுக்குப் பலியானது உண்மை. ஓர் அரசு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் சிதம்பரம் பிள்ளை சிறையில் இருந்தபோதுதான், 1911 ஜூன் 17இல், மணியாச்சியில் ஆஷ் சுடப்பட்டார். பேச்சை அடைத்ததால் துப்பாக்கி அடங்கிற்று என்று அந்தச் சீமையின் வரலாற்றைக் கொண்டு எவரும் நிறுவ முடியாது.

இந்தக் கதையில் இன்னொரு மனிதரையும் சொல்லிவிட வேண்டும். சிதம்பரம் பிள்ளையின் வழக்கை முதலில் விசாரித்து மேல்விசாரணைக்கு அனுப்பிய வாலஸ் என்ற அதிகாரி பின்னாளில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். பறிபோன வழக்குரைஞர் உரிமம் அவர் முயற்சியால்தான் மீண்டும் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் சிதம்பரம் பிள்ளை. அன்பு கட்டளைக்கு வராது. ஒரு நியாயமான செயலுக்குத் தானே வரும். 124அ பிரிவின் பொருந்தாமையை இந்தப் பெயர்சூட்டலைவிடத் தெளிவாக எந்தத் தீர்ப்பும் சொல்லியதாக எனக்குத் தோன்றவில்லை.

*

1922 மார்ச் 18இல் அகமதாபாத்தில் காந்தி நீதிபதி புரூம்ஃபீல்டின் முன் நின்றார். 'யங் இந்தியா'வில் எழுதிய மூன்று கட்டுரைகள் குற்றப்பொருள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்பைச் சட்டத்தால் உற்பத்தி செய்யவோ ஒழுங்குபடுத்தவோ இயலாது என்பது அவர் வாதத்தின் சாரம். வழக்கின் மையச் சொல்லை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு எதிர்கொண்டவர் அவர். புரூம்ஃபீல்ட் மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டார். திலகர் வழக்கை முன்மாதிரியாகச் சுட்டி, மரியாதையோடே ஆறாண்டு விதித்தார். நல்ல மனிதர் நீதிபதியாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். சட்டம் தன் போக்கில் போய்க்கொண்டிருக்க, நல்ல மனிதரால் குரலைத் தாழ்த்திக்கொள்ள மட்டுமே முடிந்தது.

1928இல் நடந்தது தமிழாசிரியன் எவனும் மறக்கக்கூடாதது. பாரதி இறந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. பர்மா அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்ய ஆணையிட, சென்னை மாகாண அரசும் அதைப் பின்பற்றியது. சென்னையில் காவலர்கள் நூற்பிரதிகளை அள்ளிச் சென்றனர். அரசத்துவேஷம் தரும் எழுத்தைப் பறிமுதல் செய்ய இன்னொரு சட்டம் இருந்தது. அது சாய்ந்து நின்ற தூண் இதே 124அ. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். தடை பின்னர் விலக்கப்பட்டது. உயிரோடிருந்த பாரதியின் அன்பின்மைக்குச் சீனிவாசன் தண்டனை பெற்றார். இறந்த பாரதியின் அன்பின்மைக்குப் புத்தகங்கள் தண்டனை பெற்றன.

1933இல் 'குடி அரசு' தலையங்கம் ஒன்றுக்காகப் பெரியாரும், இதழின் வெளியீட்டாளர் என்ற முறையில் அவர் தங்கை கண்ணம்மாளும் இதே பிரிவில் வழக்குக்குள்ளாகித் தண்டனை பெற்றனர். சிதம்பரம் பிள்ளைக்கும் பெரியாருக்கும் அரசியலில் இடைவெளி அதிகம். சட்டத்தின் பார்வையில் இருவரும் அன்பில்லாதவர்கள்.

*

நாடு விடுதலை அடைந்தபோது இந்தப் பிரிவும் போயிருக்க வேண்டும் என்று என் மாணவர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

விடுதலைக்குச் சற்று முன்பே ஒரு நல்ல கதவு திறந்து மூடியது. 1942இல் கூட்டாட்சி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி மோரிஸ் குவையர், பொது அமைதி குலைவதுதான் இந்தக் குற்றத்தின் சாரம் என்றார். அரசின் புண்பட்ட தற்பெருமைக்கு மருந்திட இச்சட்டம் இல்லை என்பது அவர் கருத்து. ஐந்தாண்டு கழித்து, 1947இல், இலண்டன் பிரிவி கவுன்சில் அவர் சொன்னது தவறென்று கூறி ஸ்ட்ரேச்சியின் பழைய உரையை மீட்டது. ஆட்சி கைமாறிய அதே ஆண்டில் அந்த ஆட்சியின் கடைசி உரை இப்படி முடிந்தது.

அரசியல் நிர்ணய சபையில் பேச்சுரிமைக்கான விதிவிலக்குகளின் வரைவில் இந்தச் சொல் இருந்தது. 1948 டிசம்பரில் கே.எம்.முன்ஷி அதை நீக்கத் திருத்தம் கொண்டுவந்தார். சொல் அரசியலமைப்பிலிருந்து போயிற்று. தண்டனைச் சட்டத்தில் பிரிவு அப்படியே இருந்தது. வாசல்படியில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புற அறையைக் கொடுத்தது போல.

1950இல் சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழைத் தன் மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்தது. ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் தமிழ்நாட்டுக்காரரான பதஞ்சலி சாஸ்திரி. நிர்ணய சபை அந்தச் சொல்லைக் கைவிட்டதையே அவர் ஒரு சான்றாக எடுத்துக்கொண்டார். பின்னர் பஞ்சாப் உயர்நீதிமன்றம் 124அ பிரிவே செல்லாது என்றது. அரசு சும்மா இருக்கவில்லை. 1951இன் முதல் அரசியலமைப்புத் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்ற புதிய விதிவிலக்கைச் சேர்த்தது. அந்த விவாதத்தில் நேரு 124அ பிரிவை அருவருக்கத்தக்கது என்று கண்டித்தார். எவ்வளவு விரைவில் ஒழிகிறதோ அவ்வளவு நல்லது என்றார். ஒழிக்கும் அதிகாரம் கையில் இருந்த அவை அது. பிரிவு ஒழியவில்லை. பதவிக்கு வெளியே நிற்பவனுக்குக் கொடுமையாகத் தெரியும் சட்டம், பதவிக்குள் வந்தபின் என்றைக்காவது பயன்படும் பொருளாகத் தெரிகிறது. இந்தக் கண் மாற்றத்துக்குக் கட்சி வேறுபாடு இருந்ததில்லை.

1962இல் பீகாரைச் சேர்ந்த கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு ஒரு நடுவழி கண்டது. பிரிவு செல்லும், ஆனால் வன்முறைக்கோ பொது ஒழுங்கின் குலைவுக்கோ தூண்டும் பேச்சுக்கு மட்டுமே பொருந்தும். குவையரின் உரை இருபதாண்டு கழித்துத் திரும்பி வந்தது. ஆனால் அந்த உரை நீதிமன்ற நூலகத்தில் இருந்தது. காவல் நிலையத்தில் இருந்தது மூலம் மட்டுமே. வழக்குப் பதிவவரோ உரை படித்து வந்தவரல்லர். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிடியாணை இல்லாமலே இக்குற்றத்துக்குக் கைது செய்யும் அதிகாரத்தையும் காவல்துறைக்குத் தந்தது. வெள்ளையர் ஆட்சியில்கூட அந்த அதிகாரம் இருந்ததில்லை.

பலன் என்ன? பின்ஹே தீர்ப்பெழுதிய அதே திருநெல்வேலி மாவட்டத்தில், 2011-12ஆம் ஆண்டுகளில், கூடங்குளம் அணுஉலையை எதிர்த்த கடற்கரைக் கிராமத்து மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது இந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாயின. போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2015இல் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடியதற்காகப் பாடகர் கோவன் இதே பிரிவில் கைதானார். அணுஉலை வேண்டுமா, வேண்டாமா என்பதில் எனக்கே உறுதியான முடிவில்லை. ஆனால் கட்டுமரத்தில் போய் மீன் பிடிப்பவர் அதை வேண்டாம் என்று சொல்வது எவ்வகைத் துரோகம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

*

துரோகம் என்ற சொல் இங்கே வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்பதை ஒரு தமிழாசிரியன் கவனிக்காமல் போகக்கூடாது.

நூறாண்டுக்கு முந்தைய தமிழ் எழுத்துகளில் இக்குற்றத்துக்கு 'இராஜத்துவேஷம்', 'இராஜநிந்தனை' என்ற பெயர்கள் வழங்கின. துவேஷம் என்றால் வெறுப்பு. நிந்தனை என்றால் பழிச்சொல். வெறுக்கப்பட்டவன் அரசன் என்பது சொல்லிலேயே தெளிவாக இருந்தது. இராஜத்துவேஷி என்று அழைக்கப்பட்டவனை ஊர் மாலை போட்டு வரவேற்றது. அந்தப் பெயரில் அவமானம் இல்லை. இன்றைய நாளிதழ்களில் அதே பிரிவுக்குப் பெயர் 'தேசத்துரோகம்'. முன்பாதியில் அரசன் இருந்த இடத்தில் தேசம் வந்தது; பின்பாதியில் வெறுப்பு இருந்த இடத்தில் துரோகம் வந்தது. ஆள்வோரைக் குறை சொன்னவன் தேசத்தைக் காட்டிக்கொடுத்தவனாக ஆனது இந்த மொழிமாற்றத்தில்தான். எந்தச் சட்டமன்றமும் இதை நிறைவேற்றவில்லை. செய்தித் தலைப்புகளின் வழியே நாமே செய்துகொண்டோம்.

2022 மே 11இல் உச்சநீதிமன்றம் 124அ பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்தே மறைந்தது. மறைந்த இடத்தில் 152ஆம் பிரிவு வந்தது. இராஜத்துரோகம் என்பதை நீக்கிவிட்டுத் தேசத்துரோகத்தை வைத்திருப்பதாக உள்துறை அமைச்சரே 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் விளக்கினார். நாளிதழ்கள் தொடங்கியதைச் சட்டம் முடித்து வைத்தது.

புதிய பிரிவில் அன்பின்மை என்ற சொல் இல்லை. அரசின் மீது வெறுப்பு என்பதும் இல்லை. இதை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்கு ஆபத்து விளைப்பதே இப்போது குற்றம். ஆனால் ஆயுதக் கிளர்ச்சியையும் நாசவேலையையும் தூண்டுவதோடு, பிரிவினை சார்ந்த 'உணர்வுகளை' ஊக்குவிப்பதும் அதில் உள்ளது. ஆயுள் தண்டனைக்கு மாற்றாக முன்பு மூன்றாண்டு வரை இருந்தது ஏழாண்டு வரை ஆகியிருக்கிறது. உணர்வைப் படிக்கும் வேலை சட்டத்தை விட்டு இன்னும் போகவில்லை. இச்சட்டத்தை நமக்குத் தந்த இங்கிலாந்து தன் பங்கை 2009இலேயே ஒழித்துவிட்டது.

*

இவற்றையெல்லாம் அந்த வகுப்பில் சொன்னபின் மாணவர்கள் என்னைப் பாராட்டும் கண்களோடு பார்த்தார்கள். நான் அந்தப் பார்வைக்குத் தகுதியானவன் அல்லன் என்பதால் இந்தக் கட்டுரையை இன்னும் முடிக்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி ஆண்டுமலரின் பொறுப்பாசிரியனாக இருந்தேன். ஒரு மாணவன் தன் ஊர்க் குளம் அரசுத் திட்டம் ஒன்றுக்காகத் தூர்க்கப்பட்டதைப் பற்றிக் கட்டுரை தந்தான். நல்ல தமிழ். கோபம் இருந்தது, பொய் இல்லை. இரண்டு நாள் என் மேசையிலேயே கிடந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை, மேலிடத்திலிருந்து யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. யாராவது புகார் கொடுத்தால் என்ற நினைப்பு மட்டுமே வந்தது. சிவப்பு மை எடுத்து, பக்கப் பற்றாக்குறை என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு அவன் என்னிடம் எதையும் படிக்கத் தந்ததில்லை.

ஸ்ட்ரேச்சியும் பின்ஹேயும் சட்டத்துக்கு அகலமான உரை எழுதினார்கள் என்று குற்றம் சொல்கிறோம். அவர்கள் எழுதியதைவிட அகலமான உரையை நான் அந்தச் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன். 124அ பிரிவில் பதிவான வழக்குகளை எண்ணிவிடலாம். அதை நினைத்து எழுதாமல் விட்டவற்றை எண்ண வழியில்லை. ஒரு சட்டம் ரத்தாகும் நாளிலேயே அது விதைத்த பயமும் ரத்தாகிவிடுவதில்லை. நீதியை அரசியலும் சட்டமும் உருவாக்குகின்றன என்று எழுதுவது எளிது. நம் மேசைகளிலும் அது நாள்தோறும் உருவாகிறது அல்லது கெடுகிறது.

கேள்வி கேட்ட மாணவி அடுத்த வாரம் ஒரு காரியம் செய்தாள். பாடநூலில் 'இந்தியா' பற்றிய பத்தியின் ஓரத்தில் 'சீனிவாசன், 5 ஆண்டு' என்று பென்சிலால் எழுதியிருந்ததை என்னிடம் காட்டினாள். இந்த ஆண்டு மலருக்கும் நான்தான் பொறுப்பாசிரியன். அந்தப் பழைய மாணவன் இப்போது பக்கத்து ஊரில் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், அந்தக் கட்டுரை இன்னும் இருக்கிறதா என்று கேட்டு.